அடம் பிடிக்காத பிள்ளை

என் அருமை அப்பா,

உங்கள் படத்துக்கு மாலை போட்ட கையோடு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நீங்கள் போன பிறகு நான் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டேன். பாகூர்க்காரர், பெயர் சேகர். தனி ஆளாய் நான் வில்லியனூரில் நிலைநிறுத்திய மாட்டுத்தீவனக் கடையில் அவர் மூக்கை நுழைப்பதே இல்லை. அதனாலேயே முதலில் அவரைச் சந்தேகப்பட்டேன்.

இப்போது சந்தேகம் உங்கள் பேத்தி காவ்யா மேல்.

சேகர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவரை "அப்பா" என்றாள். கத்திரிக்காயைக் கண்டால் ஓடுகிறவள், போட்டதையெல்லாம் வழித்துச் சாப்பிடுகிறாள். "எம் பொண்ணு தங்கம், எதுக்கும் அடம் புடிக்க மாட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நானே பெருமையடித்தேன். பேரம் பேசாமல் மூட்டையைத் தூக்கச் சொல்கிற ஆளை நான் என்றைக்காவது நம்பியதுண்டா? பிள்ளையை மட்டும் எப்படி நம்பினேன்?

சேகர் மிரட்டுகிறாரோ? கேட்டேவிட்டேன்.

"இன்னா பேச்சு பேசுற நீ? என்னாண்ட ஒரு பென்சில்கூட கேக்க மாட்டேங்குறா. எனக்கே பயமா கீது" என்றார்.

அப்படியானால் அவளைப் பெற்ற குமார்? ஞாயிற்றுக்கிழமைதோறும் தவளக்குப்பம் ஜங்ஷனில் வந்து அழைத்துப்போகிறாரே, அவர் ஏதாவது ஓதிவிடுகிறாரோ?

நேற்று வேண்டுமென்றே கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். தட்டை வெடுக்கென்று இழுத்தேன்.

"புடிக்கலன்னா சொல்லேன்டி!"

"சொன்னா இந்த அப்பாவும் பூடுவாரு."

"யாருடி உனக்கு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு தேர் பாக்கணும்னு நான் அடம் புடிச்சேன்ல? அதுக்குத்தான நீயும் அந்த அப்பாவும் சண்ட போட்டீங்க. அன்னிக்கே அப்பா பூட்டாரு."

நாங்கள் பிரிந்ததற்கு ஆயிரம் காரணம். அதில் தேர் எங்கே இருந்தது? இதை மனசில் வைத்துக்கொண்டா என் கடை மூட்டைகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்?

"உன்னால இல்லடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலையும் நான் நம்பவில்லை. என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, என் பேச்சை அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடுவாளா? விட்டுப்போன குமாரின் வாயிலிருந்தே அது வரவேண்டும்.

கோர்ட் படி இறங்கியதிலிருந்து குமாரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையை அனுப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வருகிற ஞாயிறு அப்படி வரமாட்டேன். அவர் எதிரில் போய் நின்று, "உங்க வாயாலயே இவகிட்ட சொல்லுங்க" என்று கேட்பேன். ஜங்ஷனில் பத்துப் பேர் பார்க்க என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மகளும் காவ்யாவின் அம்மாவுமான,
செல்வி