உளி சறுக்கிய இடம்

நேற்று செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நீ செதுக்கி அச்சிட்ட படம். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் ஓட்டுக் கூரைகள், அடியில் பென்சிலில் உன் கையெழுத்து. டாக்டரின் அப்பா நாம் இருவரும் நடத்திய பத்திரிகையின் சந்தாதாரராம். அந்த இதழில் கட்டுரைகளும் இருந்தனவே என்று மெல்லக் கேட்டேன். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம். பல்வலி மறந்துபோகும் அளவுக்கு எனக்கு வயிறு எரிந்தது. நீ இறந்து ஆறு வருஷம் ஆகிறது, என் புத்தி மட்டும் மாறவில்லை.

அச்சுப் படங்கள் சேகரிப்பவர்களுக்குத் தமிழில் ஒரு பத்திரிகை நடத்தலாம் என்று நாம் வேலை பார்த்த ஃபாக்டரியின் கேன்டீனில் முதலில் சொன்னது நான்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், எல்லோரும் அது உன் யோசனை என்றே நினைக்கிறார்கள். நான் எம்.ஏ. படித்துவிட்டுப் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தேன். நீ டிராயிங் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன், ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகன். நான் எழுதுவேன். நீ மெழுகு ஸ்டென்சிலில் ஊசிப் பேனாவால் அதை அழகாகக் கீறுவாய். சைக்ளோஸ்டைல் செய்து, ஒவ்வொரு பிரதியிலும் கலைக் கல்லூரிப் பையன்கள் லினோலியத்திலோ மரத்திலோ செதுக்கி அச்சிட்ட அசல் படம் ஒன்றை ஒட்டி, பெங்களூர், ராஞ்சி, போபால் டவுன்ஷிப்புகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்புவோம்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டது. நான் புத்தகம் பார்த்து, குறிப்பெடுத்து, ஒன்றைச் சொல்வேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே படக் கத்தையைப் புரட்டி வேறொன்றை உருவுவாய். உருவிய பிறகு அதுதான் சரி என்று எனக்கே தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. வாசகர் கடிதங்களிலும் படம் அருமை, படம் பிரமாதம் என்பதுதான். ஒருவர் என் கட்டுரையின் மை படத்தில் ஒட்டுவதால் எதிர்ப் பக்கத்தைக் காலியாக விட முடியுமா என்று கேட்டிருந்தார். நீ அன்று முழுக்கச் சிரித்தாய். நானும் சிரித்த மாதிரி இருந்தேன்.

பிறகு நீயே செதுக்க ஆரம்பித்தாய். முதல் முயற்சியே அந்தக் கூரைகள். அதைப் போட்ட இதழுக்கு வந்த அளவு கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. நான் இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன். லோத்குண்டா வாசகர் என்று ஒரு பொய்ப் பெயர் போட்டு, செகந்திராபாத்தில் போய்த் தபாலில் சேர்த்தேன். கோடுகளில் பயிற்சி இல்லை, நண்பர் டிராஃப்டிங்கோடு நிற்பது நல்லது என்று எழுதினேன். அதோடு விடவில்லை. கூரை மூலையில் உட்கார்ந்திருக்கும் காகம் கற்பனையில் வந்ததல்ல, உளி சறுக்கிய இடத்தை மறைக்க வந்தது என்றும் எழுதினேன். எழுதியபோது அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

வந்த கடிதம் எதையும் ஒதுக்காமல் போடுவது நம் வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில், ஸ்டென்சிலை விரித்து, உன்னைத் திட்டிய கடிதத்தை நீயே எழுத்து எழுத்தாகக் கீறினாய். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காகம் வரும் வரியில் உன் கை ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. இது வேண்டாமே என்று ஒப்புக்குச் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம் என்று உன் செகந்திராபாத் பாஷையில் மறுத்தாய்.

“நக்கோப்பா, போட்டுருவோம். இவ்ளோ பக்கத்துலருந்து பாத்தவங்க வேற யாருமில்ல.”

கீறி முடித்த கடிதங்களை நீ ஃபைலில் கோப்பது வழக்கம். இதை மட்டும் நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய்.

“இது உங்கிட்டயே இருக்கட்டும்.”

மனம் நொந்துபோய்த் தள்ளிவிடுகிறாய் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. உளி சறுக்கியபோது உன் சமையலறையில் உன்னோடு இருந்தவன் நான் ஒருவன்தான். அச்சான படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

அதற்குப் பிறகு நீ உளியைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்றாய். இன்னும் இரண்டு இதழ்களோடு பத்திரிகையும் நின்றது. ஆனால் என் பெண் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறினாய். கடைசிவரை அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதை டிராயிங் ஆபீஸில் எல்லோர் முன்னாலும், எழுதியது யார் என்று சொல்லி, உரக்கப் படித்திருப்பேன். உனக்கு அது தோன்றவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன்.