வரேன் என்று போனவரின் நாற்காலி

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

தண்ணீர் அதிகாரி விடைபெற்ற அன்று கூடத்தில் இருந்தவர்கள்: உன் அப்பா, உன் தங்கை, நான், நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற அவர். வேறு யாருமில்லை.

தட்டுப்பாட்டின்போது குழாயைக் கண்காணிக்க வீட்டுக்கு ஒருவரை அரசாங்கம் உட்கார வைத்தது உனக்குத் தெரியும். எங்களுக்கு வந்தவர் அதட்டியதே இல்லை. குளிக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தோம். பிறகு கடைக்குப் போகலாமா, விருந்தாளி வரலாமா என்றும் கேட்டோம். அவர் கேட்கச் சொல்லவில்லை, நாங்களாகத்தான் கேட்டோம். சரி என்று தலையாட்டுவார். சில நாள் ஆட்டமாட்டார்.

மழை பெய்தது, சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 'போயிட்டு வரேம்மா' என்று சொல்லிக் கிளம்பினார். அதுதான் வினையாகிவிட்டது. 'போறேன்னா சொன்னாரு? வரேன்னுதானே சொன்னாரு!' என்கிறார் உன் அப்பா. போகிறேன் என்று எந்த மனிதன் வாயால் சொல்வான் என்றால் காதில் ஏறவில்லை. நாற்காலியை நகர்த்த விடுவதில்லை. அதன் முன் நின்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? வீட்டுக் கணக்கில் அந்த அதிகாரியின் தேநீரை இன்னும் எழுதுகிறேன், ஊற்றியும் வைக்கிறேன். பிரார்த்தனை முடிந்து கண் திறந்தால் அந்த நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னவளுக்கு உன் ஊர் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. 'மங்கலாத் தெரியறவங்களுக்குத் தெளிவாத் தெரிய வைக்கிற வேலைம்மா, இதுக்குத்தான் நான் பொறந்தேன்' என்கிறாள். அவளை அனுப்பலாமா என்று அப்பா நாற்காலியிடம் கேட்டார். தலையாட்டவில்லையாம். 'நாற்காலிக்குக் கால்தாம்ப்பா நாலு, தலை ஏது?' என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நேற்று மதியம் முழங்கால் வலியில் நினைவில்லாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன். மாதக் கணக்கில் ஆள் உட்காராத நாற்காலி சூடாக இருந்தது. எழுவதற்குள் அப்பா வந்து கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, 'முடி வெட்டிக்கப் போகலாங்களா?' என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏய்' என்று கூப்பிடுகிறவர். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். கூடாது என்று என் தலை தானாக ஆடியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பயந்தது அதற்கல்ல. அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது.

அதனால் சின்னவளை நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவள் யாரையும் கேட்கவில்லை. பெட்டி கட்டிவிட்டாள், திங்கட்கிழமை வண்டி ஏறுகிறாள். நாற்காலி முன் நின்று 'போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாளாம். படி இறங்கும்போது சொல்லக்கூடாத வார்த்தைதான். ஆனாலும் அந்த வார்த்தையை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவன் அவளோடு நடக்கட்டும்.

அவள் இறங்கும்போது நிலையத்தில் நீ நிற்பாயா? அதை மட்டும் உடனே பதில் எழுது.

உன் அம்மா