சூடு தெரியாத முழங்கால்

மாஸ்டர்,

இன்று காலை டெலானிபூரில் ஒரு கிளினிக்கில் என் முழங்காலுக்கு ஒத்தடமாக ஹாட் பேக் வைத்தார்கள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து இடுக்கியால் தூக்கி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள் அந்தப் பெண். ஈரக் களிமண்ணும் வெந்த துணியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் படுத்திருக்க முடியவில்லை.

"தோலைச் சோதிக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"சுட்டா சொல்லுங்க ஆன்ட்டி, எடுத்துடறேன்."

எத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இதே வேலையைப் பார்த்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, உட்காரவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய முறை உங்களுக்கு மனப்பாடம். எந்த முழங்காலிலும் சூடு வைக்கும் முன் இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர். பந்தயப் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் மாற்றி மாற்றித் தொடுவேன், எது சூடு எது குளிர் என்று தோல் சரியாகச் சொன்னால்தான் பேக். அவர்களைக் கூட்டிவந்த பயிற்சியாளர் நீங்கள், கதவில் சாய்ந்துகொண்டு, "மேடம் பரீட்சை வைக்கிறாங்க, பெயிலானா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க" என்பீர்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த உங்கள் தமிழ், நடுவில் தீவு இந்தி, எல்லாவற்றிலும் ஒரு கேலி. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. ஆனால் சைக்கிள் பந்தயப் பிள்ளைகளின் கால்களை உங்களைப்போல அறிந்தவர் இந்தத் தீவில் யாரும் இல்லை. மெஷின்களை எனக்குத் தெரியும், பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை வலியை மறைக்கிறது, எது வலிக்காமலே நடிக்கிறது என்று மிதிக்கும் விதத்தை வைத்தே சொல்வீர்கள்.

வலி குறைக்கக் கரண்ட் வைக்கும் மெஷினைப் பற்றி நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? "வலி போயிருச்சுன்னா ஓட்டலாமே மேடம்" என்றீர்கள். வலி போவது வேறு, காயம் ஆறுவது வேறு என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். "டீக் ஹை, டீக் ஹை, வெளங்கிருச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அதன்பின் நான் சொன்னதை ஒருநாளும் மீறியதில்லை. அடிபட்ட புதிதில் ஐஸ், வீக்கம் இறங்கிய பிறகு சூடு, சூட்டுக்குப் பிறகு தசையை இழுத்து நீட்டுவது. பெரார்கஞ்ச் கிராமத்துப் பிள்ளைகள்கூட இதை வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள்.

அப்படியிருந்தும் நடந்தது.

அன்று பிற்பகல் சைக்கிள் அணி மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏற வேண்டும். அனிமாவுக்கு அதுதான் முதல் தேசியப் பந்தயம். பெரார்கஞ்ச் வங்காளிக் குடும்பத்துப் பெண், பத்தொன்பது வயது, தொடைகள் இரும்பு மாதிரி. ஒரு வாரமாக முழங்காலுக்கு மேலே பிடிப்பு. அன்று கடைசியாகச் சூடு வைத்து நீட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். பிறகுதான் தெரிந்தது, காலைப் பயிற்சியில் லேசாக வீங்கியதும் நீங்கள் ஜங்கிலிகாட் படகுத்துறையில் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, துணியில் கட்டி, ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் முழங்காலில் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். வீங்கினால் ஐஸ் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். வாசலில் ஐஸை எறிந்துவிட்டு, "ஜல்தி மேடம், கப்பல் நிக்காது" என்று உள்ளே வந்தீர்கள்.

கால் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். வெளியே தூறல். மழை என்று நினைத்தேன். குழாய்கள் இரண்டும் தட்டில் இருந்தன, கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை. பேக்கை வைத்து, "சூடு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "டீக் ஹை, மேடம்" என்றாள். ஐஸில் மரத்துப்போன தோலுக்கு என்ன தெரியும்? இருபது நிமிடம் கழித்து எடுத்தபோது மூன்று விரல் அகலத்துக்குக் கொப்பளித்திருந்தது.

கப்பல் அவள் இல்லாமல் போயிற்று.

மறுநாள் துறையிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நாந்தாங்க. ஊட்டுல வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன், சூடு கூடிப்போச்சு." நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. பிறகு வராந்தாவில், "உங்கள தெக்குக் கோடில இருக்குற கேம்ப்பெல் பே ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டா எம் புள்ளைங்க முழங்கால யாரு பாக்குறது? ஊட்டுக்காரரு வேற படுக்கையில கெடக்காரு. பேசாம இருங்க" என்றீர்கள். அனிமாவிடமும் அதையே சொல்லச் சொல்லியிருந்தீர்கள். அவளும் சொன்னாள்.

நான் பேசாமல் இருந்தேன் என்றால் அது பாதி உண்மைதான். பதிவேட்டில் நானே எழுதினேன்: வீட்டில் ஒத்தடம் கொடுத்ததால் ஏற்பட்ட தீக்காயம். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்து, ஒரு எழுத்து சாயவில்லை. அந்த வரியை வைத்துத்தான் அணிப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து உங்களை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராகவே ஓய்வு பெற்றீர்கள்.

அந்தத் தீக்காயத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "இன்று ஐஸ் வைக்கவில்லை." அல்லது, "ஏழு மணிக்கு ஐஸ், பத்து நிமிடம்." வேறு ஒரு வார்த்தை இருக்காது. குத்திக்காட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். கிழித்துப் போடுவேன். உங்களைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன். என் கணவர் இறந்தபோது நீங்கள் வந்து மழையில் வெளியே நின்றீர்கள், அப்போதும் உள்ளே கூப்பிடவில்லை. என் தப்பைச் சுமந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. இதை இப்படி எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்தச் சீட்டுகள் என்னைக் காப்பாற்ற, பிள்ளைகளைக் காப்பாற்ற என்பது நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் உறைத்தது. அதுவும் நிச்சயமில்லை. கொஞ்சம் குத்தலும் இருந்திருக்கும். உங்களை எனக்குத் தெரியாதா?

முந்தாநாள் அனிமா போன் செய்தாள். அவள் இப்போது நீங்கள் இருந்த அதே பள்ளியில் பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்தைத் திறக்கிறார்கள். தமிழ் நன்றாகவே பேசுகிறாள், உங்கள் தமிழ்.

"மேடம், நீங்க பேசணும்."

"எழுதி அனுப்புகிறேன், யாராவது படிக்கட்டும்" என்றேன்.

"இல்ல மேடம், நீங்களே வரணும். துக்கத்துக்கு வந்தவங்ககூட அதத்தான் பேசுனாங்க. நல்ல மனுசன், ஆனா ஒரு புள்ள கால சுட்டுட்டாருன்னு. நான் சொன்னா, மாஸ்டர் மேல பாசத்துல சொல்லுதுன்னு போயிருவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"இவ்வளவு வருஷம் நீ ஏன் கேட்கவில்லை?"

"மாஸ்டர் இருந்தாரு. கேக்கக்கூடாதுன்னுட்டாரு. இப்ப அவரு இல்ல."

நேற்று முழுவதும் ஒரு பேச்சு எழுதினேன். உங்கள் பொறுமை, ஒழுங்கு, தீவின் சைக்கிள் பிள்ளைகள் பெற்ற பதக்கங்கள். இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் குறையே இல்லை. அந்த மூன்று விரல் அகலம் மட்டும் எங்கும் இல்லை. எழுதியவளுக்கே தெரியாமல் எவ்வளவு சாமர்த்தியமாக ஒதுங்கிப் போயிருக்கிறது பேனா.

இன்று கிளினிக்கிலிருந்து வந்ததும் அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக நான்கு வரி எழுதினேன். பேக் வைத்தது நான். தோலைச் சோதிக்காதது நான். பதிவேட்டில் பொய் எழுதியது நான். மாஸ்டர் அந்தப் பெண்ணுக்கு ஐஸ் வைத்தது என் சொல்படி. ஐந்தாவதாக ஒரு அழகான வாக்கியம் வந்தது, அடித்துவிட்டேன்.

அனிமாவுக்குப் போன் செய்து நான்கையும் படித்துக் காட்டினேன்.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குன்னு கேப்பாங்க மேடம்" என்றாள்.

"கேட்பார்கள்."

"என்ன சொல்வீங்க?"

பதில் தெரியவில்லை என்றேன். என் வாயிலிருந்து யாரும் 'தெரியவில்லை' என்ற வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆட்டோ அனுப்புகிறேன், ஞாயிறு பத்து மணிக்குத் தயாராக இருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பேச்சு சரளமாக வரும், மாஸ்டர். அதுதான் பயமாக இருக்கிறது. மேடையில் ஏறியதும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். அதனால் காகிதத்தைப் பார்த்து, நிமிராமல் படிக்கப் போகிறேன். முதல் வரி முடியும் சொல் "நான்". அதை இப்போதே நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.