இரண்டு வெப்பமானிச் சோடிகள், ஓர் ஆள்

இன்று காலை பண்டாரவளைச் சந்தைக்குப் பின்னால் யாரோ நனைந்த சாக்குகளைக் கம்பியில் விரித்துப் போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருப்பாய், ஆனால் காரணம் தெரிந்து.

பூனாகலைப் பக்கத்து மலையில், தேயிலைக்கு நடுவே நாம் நட்ட கம்பம் நினைவிருக்கிறதா? தேயிலைமேல் விழும் வெயிலில் எவ்வளவு பங்கு ஈரத்தை உலர்த்தப் போகிறது, எவ்வளவு பங்கு காற்றைச் சூடாக்கப் போகிறது என்று கொழும்பில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அது நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்ப்பது நம் வேலை. கம்பத்தில் மேலே ஒரு வெப்பமானிச் சோடி, கீழே ஒரு சோடி; காற்றின் ஈரம் தெரிய, சோடியில் ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று நொடிக்கு நொடி மாறும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நீ ஏணியில் ஏறுவாய். பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு உயரம் என்றால் தலைசுற்றும், நான் கீழே. நீ "இப்ப" என்பாய். இருவரும் வாசிப்போம்.

மத்தியானமானால் மட்டும் கணக்கு ஒரு பக்கம், நம் அளவு ஒரு பக்கம். காற்றில் இருக்கக்கூடாத ஈரம். கணக்கையே திருத்திவிடலாம் என்றார் நம் அதிகாரி. நீ விடவில்லை.

"மொதல்ல நம்ம பக்கம் பாப்போம் சேர்" என்று சோற்றுப் பொட்டலத்தோடு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாய்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள், பனியில் ஊறிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து கம்பத்தைச் சுற்றிய நம் வேலிக் கம்பியில் காயப்போட்டார்கள். தினமும் நம் கண்முன்னே நடந்ததுதான். உனக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி, அதனாலேயே அதுவரை கண்ணில் படவில்லை.

"எங்கம்மா சாக்கும் அதுல தொங்குது மச்சான்" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

யாரையும் விரட்டவில்லை நீ. கம்பத்துக்கு எட்டாத தூரத்தில் அவர்களுக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்தாய். சாக்கின் ஈரம் விலகியதும் கணக்கும் அளவும் ஒட்டி வந்தன.

தோட்ட மக்களைப் பிரித்தனுப்ப இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி உன் அம்மாவுக்கு இந்தியா என்று வந்தது. "நீ இருந்துக்கடா" என்றேன்.

"அம்மா தனியா கப்பல் ஏறுமா?" என்று கேட்டாய். ரயில் ஏறும்போது, "வேற ஆள் போடுவாங்க, ஏணிய பத்திரமா வையி" என்றாய்.

வேறு ஆள் போடவில்லை. நானே நடுங்கியபடி ஏறி மேலே வாசித்து, இறங்கிக் கீழே வாசித்தேன். அதற்குள் காற்று மாறியிருக்கும். அளவு மறுபடி விலகிப் போனது.

"கருவி கெட்டுடுச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சேர், ஆள் போயிட்டான்" என்றேன்.

அன்றைக்கு வந்த தனிமை, கம்பத்தைப் பிடுங்கிய பிறகும் போகவில்லை. போன மாதம் நீ இறந்த செய்தி வந்தது. நீ வாழ்ந்த ஊரின் பேரையே அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

என் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு வெப்பமானி தொங்குகிறது. காலையில் அதன் முன்னே போய் நிற்கிறேன். உடனே வாசிப்பதில்லை. "இப்ப" என்று நீ சொல்லக் கொஞ்சம் நேரம் விட்டுத்தான் வாசிக்கிறேன்.