சட்டை முதுகில் அப்பா பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? என் கணுக்கால் லேசாகத்தான் பிசகியது, இப்போது ஓடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். கூடைப்பந்து அணியில் சேரும்போது படிவத்தில் இனிஷியலை விரித்து எழுதினேன். இந்த ஊரில் இனிஷியல் வழக்கம் கிடையாது; அதுதான் என்னைக் கூப்பிடும் பேர் என்று நினைத்து, சட்டை முதுகில் அச்சடித்துவிட்டார்கள். நேற்று கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டேன். நீ இத்தனை வருஷமாக வாய்திறந்து சொல்லாத பேரை அரங்கமே கத்தியது!

போன வாரம் கோட்டைவிட்டபோது திட்டியதும் அதே பேரைத்தான். அதை அப்பாவிடம் சொல்லாதே. ‘பந்து சோறு போடுமா?’ என்று கோபித்துப் பேசாமலிருக்கிறாரே, நேற்றைய கதையைக் கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எழுது.

பயிற்சிக்கு வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ‘கண்ணு’ வேண்டாம், என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. இங்கே அது யாருக்கும் தெரியாது.

உன் மகன்