உங்கள் பேரில் வாங்கிய குளுக்கோஸ்

அத்தை,

பேத்தியின் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட இன்று மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் வேறொரு குட்டிக்கு ரத்தக் கழிச்சல், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாடை பட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் உங்கள் மருமகளாகத் திருச்சுழிக்கு வந்த எண்பதுகளில் அந்த நோயின் பெயரே யாருக்கும் தெரியாது. நம் வீட்டுச் செவலைக் குட்டி வாந்தியும் ரத்தமுமாகச் சுருண்டு கிடந்தபோது டாக்டர் சொன்னார்: "இது பார்வோங்கிற புது வைரஸும்மா. அதைக் கொல்ல மருந்து கெடையாது. போற தண்ணிய ஊசி வழியா ஏத்திக்கிட்டே இருந்தா குட்டியே தாக்குப்பிடிச்சு எந்திரிச்சிரும். குளுக்கோஸ் பாட்டில நீங்கதான் வெளிய வாங்கணும்."

மருந்துக்கடைக்காரர் நமக்குச் சொந்தம். "யாருக்கு ஆத்தா?" என்றார். பலசரக்குக் கடை வீட்டு மருமகள் நாட்டு நாய்க்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறாள் என்றால் ஊரே சிரிக்குமே. வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்: "எங்க அத்தைக்கு. வயித்தால போகுது."

உங்களுக்கும் தெரியக் கூடாதென்று விறகுக் கொட்டகைக்குள் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து ஊசியைக் குத்திவிட்டுப் போனார். குட்டியை நடைக்குள்கூட விடாமல் விரட்டுகிறவர் நீங்கள். பார்த்தால் பாட்டிலோடு தூக்கி எறிவீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் உங்கள் தங்கை பாலவனத்தத்திலிருந்து ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே தெருப் பெண்கள். "அக்காவுக்கு எப்படி இருக்கு? குளுக்கோஸ் ஏத்துறாகளாமே!"

நீங்கள் அடுப்படியில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தீர்கள். முறத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளறைக் கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டீர்கள். "வாங்க... இப்பத் தேவல" என்று நீங்கள் முனகியதைக் கேட்டு உங்கள் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உங்கள் காலைப் பிடித்துவிட்டார். நான் தலையைத் தூக்கவே இல்லை.

அவர்களை வழியனுப்பிவிட்டு, வசவு வாங்கத் தயாராக வந்து நின்றேன். நீங்கள் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "வெறகுக் கொட்டகையில நீ நாயோட கெடக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்? எனக்குச் சீக்குன்னு சொன்னதக்கூட விடு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே போயி வாங்கியாந்திருப்பேன். என்னய அம்புட்டுக் கல்நெஞ்சுக்காரின்னா நெனச்ச?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செவலை பிழைத்துக்கொண்டது. வாந்தி நின்றதும் நொய்க்கஞ்சி காய்ச்சி ஊற்றியது நீங்கள்தான். நடந்ததை உங்கள் மகனிடம்கூட நீங்கள் சொல்லவில்லை.

ஊருக்குப் பயந்து பொய் சொன்ன கதை என்று பேத்திக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பயந்ததை மட்டும் சொன்னதில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே உங்களை அப்படி நினைத்திருந்தேனே அத்தை, அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.