இரண்டு வாய்க்கும் நீ விறகு போட்ட நாள்

மகன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து போனில் செய்தி வந்திருக்கிறது. ஓட்டுப் போடும் நாளன்று சம்பளத்தோடு லீவாம். மருமகள் படித்துக் காட்டினாள். அப்போதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

காரிமங்கலத்துச் செங்கல் சூளையில் நமக்கு ஏது லீவு? எண்பதுகளில் அந்த எலெக்‌ஷன் வந்தபோது சூளை பற்றவைத்து இரண்டாம் நாள். சூளைக்கு இரண்டு தீ வாய்; ஆளுக்கொரு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தோம். தீ தணிந்தால் கல் வேகாது. மத்தியானம் வரை முதலாளி அசையவே விடவில்லை. பிறகு, "ஒருத்தன் போய் வந்தப்புறம்தான் இன்னொருத்தன். நெருப்பு கம்மியாச்சு, ரெண்டு பேரும் வேற சூளை பாத்துக்குங்க" என்றார்.

சூளை சூளையாக ஊர் மாறிய உனக்கு அதுவரை லிஸ்டில் பேரே ஏறியதில்லை. அந்த வருஷம்தான் ஏறியிருந்தது. காலையிலேயே குளித்து, சீட்டை மடியில் சொருகிக்கொண்டு வந்தாய்.

"மாப்ள கணக்கா வந்திருக்க, பொண்ணு எங்கடா?" என்று கேட்டேன்.

"ஓட்டுப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு."

ஆனாலும் என்னைத்தான் முதலில் அனுப்பினாய். "உனக்கு முழங்கால் வலி, மெதுவா நடப்ப. ரெண்டு வாயையும் நான் பாத்துக்கறேன், போடா."

போனேன், போட்டேன். வெளியே கட்சிக் கொட்டகையில் சோடா கொடுத்தார்கள். யார் ஜெயிப்பார் என்று வாய்ச்சண்டை. நானும் விடாமல் பேசினேன். சூளைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. "வரிசை நீளம்டா" என்றேன். நீ தீ கிளறும் கம்பியைப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் சாம்பலோடு ஓடினாய்.

திரும்பி நடந்து வந்தாய். "கதவ சாத்திட்டாங்கடா."

"யாருக்குப் போடலாம்னு இருந்த?"

"அத உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? ரகசியம்னாங்கல்ல" என்று சிரித்தாய். சீட்டை மறுபடியும் மடியிலேயே சொருகிக்கொண்டாய்.

அதற்கப்புறம் நீ ஏன் ஓட்டுப் போடவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் நீதான் எனக்காகப் பேசினாய்: "பாவம், முழங்கால் வலியோட அவ்ளோ நேரம் வரிசையில நின்னுட்டு வந்தான்." நான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அடுத்த எலெக்‌ஷனுக்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மருமகள் எழுதுவதை நிறுத்தி என்னையே பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

எனக்கு முன்னால் நாலே பேர்தான் நின்றார்கள்.